ஆட்டம் கண்ட இரும்பு

பழைய எம்ஜிபி கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது, கிளட்ச் பிடித்து வண்டி நகர்வதற்குச் சற்று முன்னால், இருக்கைக்குப் பின்புறம் எங்கோ கீழே 'டொக்' என்று ஒரு தட்டு. ஒரே தட்டுதான். அதன்பிறகு வண்டி ஒழுங்காகப் போகும். வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் மறுபடி ஒன்று. ரிவர்ஸ் போட்டால் இன்னும் கனமாக ஒன்று. நேர்ச்சாலையில் ஒரே மிதியில் போய்க்கொண்டிருந்தால் எத்தனை மைல் போனாலும் மூச்சே விடாது.

இந்த ஒழுங்கைக் கவனித்தாலே பாதிக் கேள்விகள் விலகிவிடும். வேகத்தோடு கூடிக் குறையும் சத்தங்கள் வேறு சாதி. பேரிங் முனகும், டயர் இரையும், தேய்ந்த பற்சக்கரம் ஊளையிடும். இந்தத் தட்டுக்கு வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. விசையின் திசை மாறுகிறபோது மட்டும் வருகிறது. இதுவரை எஞ்சின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைச் சுற்றத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கண நேரம் எந்தப் பல்லும் எந்தப் பல்லையும் தொடுவதில்லை. அந்த வெற்றிடத்தைக் கடந்து மறுபக்கத்தில் போய் மோதுவதைத்தான் நாம் கேட்கிறோம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இருவர் வண்டி. எல்லா வடிவங்களும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. பந்தய வண்டியின் தோற்றம் இருந்தாலும் உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவை பி.எம்.சி. நிறுவனத்தின் குடும்பக் கார்களிலிருந்து வந்தவை. அதன் 1798 சிசி எஞ்சின் பி-சீரிஸ் வகையைச் சேர்ந்தது. நம் ஊர் அம்பாஸடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே பி-சீரிஸ்தான். முன்னால் எஞ்சின், நடுவில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த ஆக்சில் ஹவுசிங் என்ற அமைப்பிலும் இரண்டு வண்டியும் ஒன்றுதான். ஆகவே அம்பாஸடர் கீழே படுத்து வளர்ந்த ஒரு மெக்கானிக்கை எம்ஜிபிக்குக் கீழே படுக்கவைத்தால் அவருக்கு வழி சொல்ல வேண்டியிருக்காது. 'டொக்' என்றதும் அவர் வாயில் முதலில் வரக்கூடிய தீர்ப்பும் எனக்குத் தெரியும்: "கிராஸ் போயிருச்சு சார்."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் வருகிறது என்பதில்தான் என் சண்டை. ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ஜாயிண்டுகளின் நடுவே இருப்பது அந்தக் கிராஸ். அதை மாற்றுவது எளிது, கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. மாற்றிய பிறகு சத்தம் சற்றுக் குறைந்தும்விடும். எந்த இடத்தில் ஆட்டத்தை எடுத்தாலும் மொத்தத்தில் கொஞ்சம் குறையத்தானே செய்யும். அந்தக் குறைவு கண்டுபிடித்துவிட்டோம் என்ற மயக்கத்தைத் தருகிறது. சில மாதம் கழித்துச் சத்தம் பழைய கனத்துக்கு வருகிறபோது, புதிதாகப் போட்ட கிராஸ் மட்டமான சரக்கு என்று முடிவாகிறது. இப்படி ஷாஃப்ட், கியர்பாக்ஸ் மவுண்டிங், கிளட்ச் பிளேட் என்று வரிசையாக மாற்றி, கடைசிவரை சத்தத்தோடேயே ஓடும் வண்டிகள் உலகம் முழுக்க உண்டு.

சிக்கலின் வேர் ஒருமையில் இருக்கிறது. தட்டு ஒன்று என்பதால் காரணமும் ஒன்று என்று மனம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சினின் விசை தரையைச் சேர்வதற்குள் எத்தனை கைமாறுகிறது என்று பாருங்கள். கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகள், கியர்பாக்ஸின் பற்கள், ஷாஃப்டின் முன்முனையில் முன்பின் நகரும் ஸ்ப்ளைன், இரண்டு ஜாயிண்டுகள், பினியன், கிரவுன், டிஃப்ரன்ஷியலுக்குள் ஸ்டார் கியர்கள், சன் கியர்கள், அவற்றில் செருகிய ஆக்சில் ஷாஃப்டுகள், ஹப், கடைசியில் சக்கரம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு மயிரிழை இடைவெளி. சரக்கு ரயில் கிளம்பும்போது எஞ்சினிலிருந்து கார்டு பெட்டி வரை ஒவ்வொரு இணைப்பும் இறுகிக்கொண்டே போகிற ஓசையை நினைத்துக்கொள்ளலாம். அங்கே அது ஓடிப்போவது காதுக்குத் தெரியும். காரில் அத்தனையும் ஒரே நொடியின் சிறு துணுக்குக்குள் முடிந்துவிடுவதால் ஒற்றைத் தட்டாகக் கேட்கிறது.

இந்த இடைவெளிகளெல்லாம் தேய்மானத்தால் வந்தவை என்றும் சொல்ல முடியாது. புது வண்டியிலேயே அவை உண்டு. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்கிற அளவில் இடைவெளி வைத்துத்தான் பொருத்துவார்கள். அதுவும் இல்லாமல் இறுக்கிப் பொருத்தினால் எண்ணெய்க்கு இடமிருக்காது. சூட்டில் இரும்பு விரியவும் இடமிருக்காது. பற்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆக, ஆட்டமே இல்லாத வண்டி நல்ல வண்டியல்ல, ஓடாத வண்டி. எங்கே ஆட்டம் இருக்கிறது என்று தேடினால் எல்லா இடத்திலும் இருக்கிறது என்றுதான் பதில் வரும். எங்கே அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறது என்று கேட்டால்தான் வேலை நடக்கும்.

காதை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எம்ஜிபிக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே சட்டம். பின் ஹவுசிங்கைத் தாங்கும் பட்டையின் முன்கண், இருக்கைகளுக்குச் சற்றுப் பின்னால் உடலோடு நேராக மாட்டியிருக்கிறது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5000 மீட்டர் ஓடும். காற்றில் 340 மீட்டர்தான். ஹவுசிங்கிலோ ஷாஃப்டிலோ ஹப்பிலோ எங்கே தட்டினாலும் அந்த அதிர்ச்சி பட்டை வழியாக ஓடி முன்கண்ணில் உடலுக்குள் நுழைகிறது. ஓட்டுநருக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. 'பின்னாலிருந்து வருகிறது' என்று அவர் சொல்வது சத்தம் உள்ளே வரும் வாசலை. பிறந்த இடம் வேறாக இருக்கலாம்.

சந்தேகத்தை முதலில் வெளியாட்கள் மேல் வைப்பது நல்லது. டிக்கியைக் காலிசெய்யுங்கள். கட்டாத ஸ்டெப்னி, கருவிப் பை, ஜாக்கி ஆகியவை டிஃப்ரன்ஷியலைப் போலவே நடிக்கக் கூடியவை. ஹவுசிங் அளவுக்கு மேல் கீழே இறங்காமல் பிடிக்கும் ரப்பர்-துணிப் பட்டை அறுந்திருக்கலாம். சைலன்சர் குழாய் தரைத்தகட்டில் இடிக்கலாம். ஸ்பிரிங் பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யு போல்ட்டுகள் தளர்ந்திருந்தால், கிளம்பும்போது ஹவுசிங் அந்தப் பட்டை மேல் ஒரு சொடுக்கு நகரும். பினியன் கிரவுனை ஒரு பக்கம் சுற்றுகையில் ஹவுசிங் மறுபக்கம் திரும்பப் பார்க்கும் என்பது இயற்கை. அதைப் பிடித்து நிறுத்துவது அந்த நான்கு யு போல்ட்டுகள்தான். ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பார்க்க ஆகும் நேரத்தில் இதுபற்றி விவாதிப்பதே வீண்.

அடுத்தது எண்ணுவது. தட்டு ஒன்றாக வராமல் தொடர்ச்சியாக வரும் வண்டிகளுக்கு இது. எம்ஜிபியின் பின் ஆக்சில் விகிதம் 3.909. பினியனில் 11 பல், கிரவுனில் 43. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஷாஃப்ட் கிட்டத்தட்ட நான்கு சுற்று. நடைவேகத்தில் வண்டியை உருட்டினால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு நொடியைவிடக் கொஞ்சம் அதிகம் எடுக்கும். ஷாஃப்ட் நொடிக்கு மூன்று தடவை சுற்றும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் வாய்விட்டே எண்ணலாம். நிதானமாக எண்ண முடிகிற தட்டு என்றால் ஹப், சக்கரம், பிரேக் டிரம் பக்கம். எண்ணுகிற வாயை முந்திக்கொண்டு 'கீச் கீச்' என்று போனால் ஷாஃப்டின் ஜாயிண்ட். கிரீஸ் வறண்ட கிராஸ் முதலில் கீச்சிடும், தட்டுவது பின்னால். அதன் கிண்ணங்களின் வாயில் துருநிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி உருளைகள் காய்ந்து அரைபடுகின்றன என்று பொருள். அப்போது அந்த மெக்கானிக்கின் தீர்ப்பு செல்லும். ஷாஃப்ட் ஏறக்குறைய நேராகவே இருக்கும் வண்டிகளில் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி, கிராஸின் மேல் வரிவரியாகப் பள்ளம் விழுவதும் உண்டு. கழற்றினால் விரல் நகத்திலேயே தட்டுப்படும்.

ஒற்றைத் தட்டுக்கு எண்ணிக்கை உதவாது. கழித்தல்தான் உதவும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. வண்டியின் பின்புறத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, கீழே போய் ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புங்கள். பினியன் பக்கத்து ஃப்ளேஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு. எவ்வளவு தூரம் சும்மா திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் பிடிப்பது ஹப்பை. ஆகவே இந்த அளவில் ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கும் ஆட்டமும் ஹப் வரையிலான ஆட்டமும் மட்டும்தான் அடங்கும். இனி வண்டியைப் பிட்டின் மேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் ஊன்றியிருக்க, கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு அதே ஷாஃப்டைத் திருப்புங்கள். இப்போது பிடிப்பது தரை. இரண்டாவது அளவு முதலாவதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிறது. சாக்பீஸ் ஒன்று, ஹேண்ட்பிரேக் ஒன்று. வேறு கருவி வேண்டாம்.

இங்கே 3.909 மறுபடி வேலைசெய்கிறது. ஆக்சில் பக்கத்தில் ஒரு டிகிரி ஆட்டம் இருந்தால் ஷாஃப்டில் அது நான்கு டிகிரியாகப் பெருகித் தெரியும். கிரவுன் பினியனுக்கு இடையே உள்ள சட்டபூர்வமான இடைவெளியோ ஷாஃப்டில் ஒரு டிகிரிகூடத் தேறாது. ஆகவே ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியத் தாராளமாகத் திரும்புகிறதென்றால் கிரவுன் பினியனைச் சந்தேகிப்பதற்கு முன் அதற்கு அப்பால் போக வேண்டும். டிஃப்ரன்ஷியலின் நடுவே ஒரு குறுக்குப் பின்னில் இரண்டு ஸ்டார் கியர்கள் சுற்றும். அவற்றின் முதுகிலும் சன் கியர்களின் முதுகிலும் த்ரஸ்ட் வாஷர்கள் உண்டு. சில செம்பு, சில ஃபைபர். இரும்பும் இரும்பும் உரசாதிருக்கத் தங்களைத் தேய்த்துக்கொள்வதற்காகவே வைத்தவை. ஐம்பது ஆண்டுகளில் தேய்ந்துமிருக்கும். சில வண்டிகளில் ஃபைபர் உதிர்ந்து எண்ணெயில் கலந்தே போயிருக்கும். முதுகுக்குப் பின்னால் தாங்கல் போனதும் ஸ்டார் கியரும் சன் கியரும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பற்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. எம்ஜிபியின் புகழ்பெற்ற 'டொக்'கில் பெரும்பங்கு இந்தச் சில்லறை வாஷர்களுடையது.

1960களின் பிற்பகுதி முதல் எல்லா எம்ஜிபியிலும் வந்த குழாய் வகை ஹவுசிங்கில் இவற்றை மாற்ற டிஃப்ரன்ஷியலைக் கழற்ற வேண்டியதில்லை. ஆக்சில் ஷாஃப்டுகளைச் சற்று வெளியே இழுத்துவிட்டு, பின்மூடியைத் திறந்து, குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்தால் ஸ்டார் கியர்களைச் சுழற்றி வெளியே கொண்டுவந்துவிடலாம். கிரவுன் பினியன் பொருத்தம் கலையாது. அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் பழுதுபார்ப்பவருக்கும் ஒரு வாசல் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதை இப்படியான இடங்களில் நன்றியோடு கவனிக்கலாம். முந்தைய பாஞ்சோ வகையில் முழு உறுப்பையும் முன்பக்கமாக இறக்கித்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வாஷர் சத்தம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. காதுக்கு எரிச்சல், மனத்துக்குக் குறை, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து வேறிடத்தில், இதைவிட மெலிதான சத்தத்தில் இருக்கிறது.

பல எம்ஜிபிகளில் கம்பிச் சக்கரம். நடுவில் ஒற்றை நட்டு. பந்தயத்தில் சக்கரத்தைச் சட்டென்று மாற்றுவதற்காக வந்த ஏற்பாடு, பிறகு அழகுக்காக நிலைத்துவிட்டது. இந்தச் சக்கரத்தை ஹப்போடு போல்ட் எதுவும் இணைப்பதில்லை. ஹப்பின் வெளிப்புறத்தில் ஸ்ப்ளைன் பற்கள், சக்கரத்தின் உட்புறத்தில் அவற்றுக்கு ஈடான பற்கள். ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி நட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறார்கள். இடப்பக்க நட்டின் மரை ஒரு திசை, வலப்பக்க மரை எதிர்த்திசை. ஓட்டத்தில் நட்டு தானாக இறுகும்படியான ஏற்பாடு. பழுதுபார்க்கும்போது ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டால் ஓட ஓடத் தளரும். தளர்ந்த நட்டு, வறண்ட பற்கள், இரண்டும் சேர்ந்தால் விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் பல் பல்லை அடிக்கும். சன்னமான 'டிக்'. பெரிய 'டொக்'குக்குள் இந்த 'டிக்' ஒளிந்துகொள்ளும். மேலே சொன்ன கழித்தலில் வெளிப்படுவது இதுதான்.

ஏன் ஆபத்து? பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் மாட்டியிருப்பது ஹப்பில். சக்கரத்தில் அல்ல. பிரேக் ஹப்பை நிறுத்துகிறது, ஹப் தன் பற்களால் சக்கரத்தை நிறுத்துகிறது. பற்கள் மழுங்கி ஒரு நாள் வழுக்கினால் ஹப் நிற்கும், சக்கரம் உருளும். பின்சக்கரத்தில் நடந்தால் இழுவை போகும், மேட்டில் ஹேண்ட்பிரேக்கின் பாதிப் பிடியும் போகும். முன்சக்கரத்தில் நடந்தால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைச் சுமக்கும் பிரேக்குகளில் ஒன்று இல்லாமலாகும். அதிலும் முன்சக்கரப் பற்கள் கிளட்சை விடும்போது தட்டி எச்சரிப்பதில்லை. எஞ்சினின் விசை அங்கே போவதே இல்லை.

சத்தத்தின் அளவும் ஆபத்தின் அளவும் இப்படி எதிரெதிராகப் போகும்போது காதை மட்டும் வைத்து முன்னுரிமை போடுகிறவர் ஏமாறுவார். அதிகம் கத்துவதை முதலில் கவனி என்பது வீட்டிலும் அலுவலகத்திலும் நமக்குப் பழகிப்போன முறை. இந்த வண்டியில் அந்த முறைப்படி நடந்தால் வாஷரை மாற்றி, சத்தம் அடங்கிய மகிழ்ச்சியில் தேய்ந்த பற்களோடு மலைப்பாதையில் இறங்குவோம்.

காதைக் குழப்பும் இன்னொரு காரியத்தை உரிமையாளர்கள் விரும்பியே செய்கிறார்கள். பட்டைக் கண்களிலும் மவுண்டிங்குகளிலும் இருக்கும் பழைய ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டு இறுக்கமான பாலியூரிதேன் புஷ் போடுவார்கள். வண்டி வளைவுகளில் திடமாக நிற்கும், உண்மைதான். கூடவே ரப்பர் இதுவரை விழுங்கிக்கொண்டிருந்த தட்டுகளெல்லாம் உடலுக்குள் வந்துவிடும். புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று அடுத்த வாரமே தேடத் தொடங்குவார்கள். கெட்டது எதுவுமில்லை, திரை விலகியிருக்கிறது. இதே காரணத்தால் சத்தம் குறைந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. எண்ணெயைக் கனமானதாக மாற்றினாலும் தட்டு மந்தமாகும். பல்லின் தேய்மானம் அப்படியே இருக்கும்.

வேறு வண்டிகளில் குற்றவாளிகள் வேறு. டாட்சன் 240இசட்டில் டிஃப்ரன்ஷியலின் மூக்கைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்தால் மூக்கு மேலே எழும்பி இடிக்கும். கியர்பாக்ஸைப் பின்னால் வைத்த போர்ஷே 944இல் பழைய கிளட்ச் பிளேட்டின் ரப்பர் நடுப்பகுதி மக்கி உடையும். வண்டி மாறினால் வரிசை மாறும். ஒவ்வோர் இணைப்பாகப் பிடித்து நிறுத்தி, மிச்சத்தை அளந்து கழிப்பது எதற்கும் பொருந்தும்.

கடைசியாக, கம்பிச் சக்கரத்தோடு ஒரு பழைய எம்ஜிபியை வாங்கப் போகிறவருக்கு. விற்பவர் வண்டியைக் கிளப்பிக் காட்டுவார், 'டொக்' கேட்கும், "இந்த வண்டிக்கெல்லாம் அது சகஜம்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அதை வைத்து விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், போதும். பிறகு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தை இரு கையாலும் சுழலும் திசையில் ஆட்டிப் பாருங்கள். ஹப் நிற்க, சக்கரம் மட்டும் நகர்ந்தால் கதை தெரிந்துவிட்டது. நகராவிட்டாலும் நான்கையும் கழற்றிப் பற்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது, கூராக நின்றால் தேய்ந்தது. தேய்ந்திருந்தால் சக்கரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பழைய ஹப் புதுச் சக்கரத்தின் பற்களையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், மாற்றும்வரை வண்டியை ஓட்டாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.